நூற்றுப் பன்னிரண்டு வாரக் குளியல்

என் இல்லாளின் உடன்பிறந்தவரே! ஞாயிறுதோறும் வீட்டுக்கு வீடு சிரிப்பை வாரி வழங்கும் தொடர் எழுத்தாளரே! ஏழு வயதில் என் தோள்மீதமர்ந்து ஊர்வலம் பார்த்து, இன்று என் தலைமீதே அமர்ந்துவிட்ட அன்பு மைத்துனரே!

வணக்கம். நலம்; நலமறிய ஆவல். உன் தமக்கை நலம். என் மகள் நலம். பழுதான குளிர்பெட்டியும் உன் கனிந்த நினைவில் நலம். நான் ஒருவன்தான் நலமில்லை. இம்மடலைப் படிக்கப்போவது நீ ஒருவன் மட்டுமே என்பதை அறிவேன். ஆயினும் இருநூறு பேருக்குக் குறைந்த அவையை நோக்கி நான் வாய்திறந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன; ஆகவே உன்னையே இருநூறு பேராகக் கருதிக்கொண்டு முழங்குகிறேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீயும் கேள்! தூணோரம் நின்று நழுவப் பார்க்கும் நீயும் கேள்! என் குறை ஒன்றே ஒன்று. என்னைக் குளியலறைக்குள் தள்ளி, நீ கதவைச் சாத்தி, நூற்றுப் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன. ஒரு மனிதன் எத்துணை அழுக்கனாக இருந்தாலும் இத்தனை வாரமா குளிப்பான்?

"அப்பா குளிக்கிறார்" என்றொரு தொடரை நீ எழுதி வருகிறாய் என்பதே சென்ற மாதம்வரை எனக்குத் தெரியாது. தெரிய வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் உன்னைப் பார்க்கும். நான் ஊரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன். ஊர் ஏன் அங்கில்லை என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. சென்ற மாதம் ஒரு கூட்டம் மழையால் கலைந்தது. நனைந்தபடி வீடு திரும்பினேன். முன்னறையில் கூட்டம்! எனக்குக் கூட வேண்டிய கூட்டம்! உன் தமக்கை, என் மகள், மாடிவீட்டு ஆசிரியை, அவர் அழைத்து வந்த நால்வர், தேய்த்த என் சட்டையை மடியில் வைத்து மறுபடியும் கசக்கிக்கொண்டிருந்த துணி தேய்ப்பவர். எதிரே தொலைக்காட்சி. அதனுள் என் வீடு! அதே பச்சைத் திரைச்சீலை, அதே ஆடும் நாற்காலி, குளிர்பெட்டியில் அதே நெளிவு. உன் தமக்கையாக ஓர் அம்மையார், என் மகளாக ஒரு நங்கை. எல்லோரும் இருந்தார்கள். நான் என்னைத் தேடினேன்.

"என்னைக் காணோமே?" என்றேன்.

"கத்தாதீங்க, வசனம் கேக்கல," என்றாள் உன் தமக்கை.

"நீங்க உள்ள இருக்கீங்கப்பா," என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதனுள்?"

"பாத்ரூம்ல."

"எப்போது வெளிவருவேன்?"

துணி தேய்ப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கமும் எரிச்சலும் ஒருங்கே இருந்தன. "என்னங்கய்யா, கதையே தெரியாமப் பேசுறீங்க. நீங்க வெளிய வந்துட்டா, அப்புறம் நாங்க எதுக்குப் பாக்குறது?"

அன்றே மகளின் கைப்பேசியை வாங்கி, முதற்பகுதி முதல் அனைத்தையும் பார்த்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. உன் அமைப்பைப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் ஒரு சிக்கலோடு வருகிறார். "அப்பா குளிக்கிறார்" என்கிறார்கள். வந்தவர் மூடிய கதவின் முன் நின்று தம் சிக்கலைச் சொல்கிறார். உள்ளிருந்து குழாயொலி, வாளியொலி, கொப்பளிக்கும் ஒலி. அவ்வொலிகளுக்குத் தாமே பொருள் கற்பித்துக்கொண்டு, தாமே திருந்தி, தாமே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார். வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த வீட்டுக்காரர் தம் மாமியாரைப் பற்றிக் கதவிடம் அரைமணி நேரம் அழுது, கடைசியில் அவரே ஊரைக் காலி செய்துகொண்டு போனார். திரையில் என் மகளுக்குத் திருமணம் நடக்கிறது, நான் குளிக்கிறேன்! குடும்பப் படம் எடுக்கிறார்கள். மணமக்கள் இருபுறமும் நிற்க, நட்டநடுவில் கதவு! அதன்மேல் விளக்கின் வட்டவெளிச்சம் வேறு! இத்தனை பகுதிகளில் எனக்கு நீ அளித்த உரையாடலை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழாம் பகுதியில் "ம்" என்கிறேன். அவ்வளவே. மூன்று மணி நேரம் குறிப்பின்றிப் பேசும் ஆற்றலுடையோன், ஈராண்டுகளில் ஒரு "ம்"! அந்த "ம்"மை ஒரு நாளிதழ் 'ஆழமான நடிப்பு' என்று பாராட்டியிருப்பதை என் மகள் காட்டினாள். நான் மகிழவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன், மைத்துனா! கதை உன் உரிமை, கதவு உன் உரிமை. ஆனால் அந்தக் கொப்பளிப்பு? கீழ்த்தொனியில் தொடங்கி, நடுத்தொனியில் உருண்டு, மேல்தொனியில் ஏறி நின்று, இறுதியில் மும்முறை வெட்டி முடியும் அந்தக் கொப்பளிப்பு இவ்வுலகில் ஒரு தொண்டைக்கே உரியது. குரல் காக்க வேண்டி நாள்தோறும் காலையில் வெதுவெதுப்பான உப்புநீரால் இருபத்திரண்டு மணித்துளிகள் நான் ஆற்றும் பயிற்சி அது. உன் தமக்கையை அழைத்து, சமையலறையிலேயே குறுக்கு வினா தொடுத்தேன்.

"இது என் தொண்டை."

"ஆமா."

"திரைக்கு எவ்வாறு சென்றது?"

"ஃபோன்லதான். தெனமும் காலைல தம்பி பேசுவான். ஃபோன மேசைமேல வெச்சிட்டு நான் பாட்டுக்கு காய் நறுக்குவேன். நீங்க பாட்டுக்கு உள்ள கடகடன்னு. 'என்னக்கா அது, லாரி ரிவர்ஸ் வருதா?'ன்னான். 'இல்லடா, அத்தான்டா'ன்னேன். ஒரு மாசம் சிரிச்சான். அப்புறம் அத ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொல்லிட்டு எழுத ஆரம்பிச்சிட்டான்."

"கணவன் தொண்டையை ஒலிப்பதிவு செய்து அனுப்பும் மனைவியும் உண்டோ?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் என்னங்க பண்றது? தெனமும் ஒன்றரை மணி நேரம் உள்ள இருக்கீங்க. வெளிய வந்தா மேடைக்கு ஓடுறீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து முக்கியமானது எல்லாத்தையும் அந்தக் கதவுகிட்டதான் சொல்லியிருக்கேன். பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கலாம்னு கதவுகிட்டதான் கேட்டேன்."

"நான் என்ன விடை பகர்ந்தேன்?"

"கொப்பளிச்சீங்க. நானா ஒரு பேரு வெச்சேன்."

மறுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் என்பது உண்மை. ஆனால் அது குளியலா? ஒத்திகை! பளிங்குப் பதித்த அந்நான்கு சுவர்களும் குரலைத் திருப்பித் தருவதுபோல் எந்த அவை தந்திருக்கிறது? என் தலைசிறந்த உரைகள் அனைத்தும் முதலில் அரங்கேறியது அந்த வாளியின் முன்னால்தான். இதை நீ ஒரு பகுதியிலாவது விளக்கியிருக்கலாம். விளக்காமையாலும், அந்த அப்பா நான்தான் என்று துணி தேய்ப்பவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டமையாலும், இன்று தெருவில் நான் தலைகாட்ட முடியவில்லை. முடிதிருத்துபவர் என்னைக் கண்டதும் கத்தரியை நிறுத்தி, "என்ன சார், வெளிய வந்துட்டீங்களா? இந்த வாரம் காமிச்சாங்களா, நான் பாக்கலையே!" என்று பதறுகிறார். பேருந்தில் ஏறினால் நடத்துநர், "வழி விடுங்க, ஐயா இப்பதான் குளிச்சிட்டு வராரு," என்கிறார். பயணிகள் என் தலை காய்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். தொண்டை மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்துவிட்டு, தம் மனைவியைக் கூப்பிட்டு, "இதுதான், இங்கேர்ந்துதான் வருது," என்று காட்டினார். நெசவாலைத் தொழிலாளர் மேடையில் நினைவுப்பரிசு என்று ஒரு பொதியைத் தந்தார்கள். பிரித்தால் துவாலையும் வழலைக்கட்டியும். வழலைக்கட்டி என்றால் உனக்குப் புரியாது, சோப்பு.

இப்போது தலையாய செய்திக்கு வருகிறேன். எங்கள் தெருமுனைப் படிப்பகத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நாற்பது நாற்காலிகள், அவற்றில் ஆடாதவை மூன்று. வானிலைப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வெயிலைத் திட்டும் தையற்காரர், கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தலைப்புகளை மட்டும் உரக்கப் படிக்கும் ஓய்வுபெற்ற அஞ்சற்காரர், தேர்வுக்குப் படிக்கும் பெண் பிள்ளைகள் பதினோரு பேர். எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்து, எழுதியதைத் திருத்தும் அளவுக்கு உயர்ந்தவர்கள் அங்கு உண்டு. நான் அவர்களில் ஒருவன். அதை இடித்து வண்டிகள் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறது நகரமன்றம். எதிர்ப்புக் கூட்டத்திற்கு என்னை அழைத்தார்கள். இருநூறு பேர் எதிர்பார்த்தோம். அறுநூறு பேர் வந்தார்கள். நகரமன்றத் தலைவரே முன்வரிசையில் வந்தமர்ந்தார். என் வாழ்நாளின் உரை இதுவே என்று நெஞ்சு விம்மியது. "நூல்களின்மீது சக்கரம் ஏற்றத் துணிந்தோரே!" என்றேன். சிரிப்பு! குரலை உயர்த்தினேன். பெருஞ்சிரிப்பு! சினந்து ஒரு கணம் நிறுத்தினேன். "தண்ணி நின்னு போச்சுடோய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல், பந்தல் அதிர்ந்தது. தொண்டை வறண்டது. மேசைமீதிருந்த நீர்க்குவளையைக் கையில் எடுத்தேன், மைத்துனா! என் பொதுவாழ்வின் மாபெரும் பிழை அது. அறுநூறு வாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. அறுநூறு கைப்பேசிகள் உயர்ந்தன. அத்தகைய அமைதியை என் சொற்கள் ஒருநாளும் ஈட்டியதில்லை. முன்வரிசையில் ஓர் அம்மையார் கைகூப்பி, "ஒரு தடவ கொப்பளிங்கய்யா. பாப்பாவுக்கு ஒங்க குரல்னா உசுரு," என்றார்.

நான் விழுங்கினேன்.

ஆம், விழுங்கினேன்! நாற்பது ஆண்டுத் தமிழுக்காக விழுங்கினேன்! ஆஆ என்றொரு பெருமூச்சு எழுந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. கால்மணி நேரத்தில் பந்தலில் எஞ்சியது நானும் ஒலிபெருக்கிக்காரரும்தான். தலைவர் மட்டும் போகுமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையருகே வந்தார். "மனசு விட்டுச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு சார். ஆனா முழுங்கிட்டீங்க பாருங்க, அதான் கொஞ்சம் ஏமாத்தம்," என்று சொல்லி என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். படிப்பகத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை மன்றத்தில் வாக்கெடுப்பு. அன்று பொதுமக்கள் தரப்பில் பேச எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உன் கதவு மூடியே இருக்குமானால் அந்த அரைமணி நேரமும் சிரிப்பில் கரையும். பதினோரு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வண்டிகள் உறங்கும்.

இதைத்தான் சென்ற வாரம் தொலைபேசியில் உன்னிடம் மன்றாடினேன். நீ என்ன சொன்னாய்? "அத்தான், கதவத் தொறந்தா தொடரே முடிஞ்சுது அத்தான். வேணும்னா ஒண்ணு பண்றேன். கதவுக்கு அடியில உங்க கால் நெழல் தெரியற மாதிரி ஒரு ஷாட்டு வெக்கிறேன். ஜனங்க கொண்டாடிடுவாங்க." நிழலா? நாவால் வாழ்ந்தவனுக்கு நீ தருவது கால் நிழலா? அதுவும் யாருடைய கால் என்று கேட்டேன். "மைக் புடிக்கிறவர் கால். உங்கள மாதிரியே மெலிசா இருக்கும்," என்றாய்.

எனவே அறுதியிட்டு உரைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் அந்தக் கதவு திறக்கப்பட வேண்டும். உள்ளிருந்து, முழுதாக உடையணிந்த, நன்கு தலைவாரிய, நிமிர்ந்த நடையுடைய ஒரு மனிதர் வெளிவர வேண்டும். வந்ததும் அவர் ஆற்ற வேண்டிய உரையை இத்துடன் இணைத்துள்ளேன், நாற்பத்தோரு பக்கங்கள்தாம். ஒரு சொல்லும் குறைக்கப்படலாகாது. இடையில் பதிவுசெய்த சிரிப்பொலி சேர்க்கப்படலாகாது. பதினேழாம் பக்கத்தில் மட்டும் கைதட்டல் சேர்க்க இசைகிறேன். மறுத்தாயானால், மறுநாள் முதல் நான் கொப்பளிப்பதைக் கிணற்றடிக்கு மாற்றிக்கொள்வேன். ஒரு சொட்டு ஒலிகூட உனக்குக் கிட்டாது! "அங்க பக்கத்து வீட்டு நாய் கொலைக்கும், பரவால்லயா?" என்று உன் தமக்கை இப்போதே கேட்கிறாள். குரைக்கட்டும்! அதுவாவது உரிய இடத்தில் குரல் கொடுக்கும் உயிர்.

உன் எழுதுகோல் ஓங்குக. உன் துணைவியார் நலமுடன் வாழ்க. உன் சின்னவளுக்குப் பல் முளைத்ததாகக் கேள்வியுற்றேன். அப்பல் தமிழை நன்கு ஒலிக்க என் வாழ்த்துகள். உன் தமக்கை உன்னை நேரத்திற்கு உண்ணச் சொல்கிறாள். இந்த வரியை மட்டும் அவளே சொல்ல நான் எழுதுகிறேன்: "அவரு சொல்றதக் கேட்டு கீட்டு வெச்சிடாத."

மாறாத சினத்துடனும் குறையாத அன்புடனும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: மேற்கண்டவற்றை எழுதி, உரையோடு உறையிலிட்டு ஒட்டி வைத்தது நேற்று, திங்கட்கிழமை; இத்தாளை உறையின் மேல் இணைக்கிறேன். இன்று காலை நடந்ததைக் கேட்டபின் மேற்கண்டவற்றை நீ மறந்துவிட வேண்டும்.

வழக்கம்போல் உள்ளே நாற்பத்தோரு பக்கத்தையும் ஒத்திகை பார்த்துவிட்டு, வாய்நிறைய உப்புநீரோடு நின்றிருந்தேன். வாசலில் பேச்சுக்குரல். நகரமன்றத் தலைவர்! புதன்கிழமை நான் எத்தனை மணித்துளிகள் பேசுவேன் என்று உறுதிசெய்துகொள்ள வந்தாராம். உன் தமக்கை பழக்க மிகுதியால், "அவர் குளிக்கிறாரே," என்று சொல்லிவிட்டாள்.

"குளிக்கிறாரா?" என்றார் தலைவர். "நெஜமாவேவா? உள்ள இருக்காரா? இதான் அந்தக் கதவா? நான் ஒரு ரெண்டு நிமிஷம் பேசிக்கட்டுமாம்மா?"

நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. கதவுக்கு மிக அருகில் அவர் மூச்சு கேட்டது. நான் "யார் அது?" என்றேன், வாயில் நீர் இருந்தமையால் அது கீழ்த்தொனியாக வெளிப்பட்டது.

"ஆமாங்கய்யா," என்றார் தலைவர், தழுதழுத்து. "நீங்க கேக்குறது சரிதான். எனக்கே தெரியுதுங்கய்யா. அந்தப் படிப்பகத்த இடிக்கணும்னு ஊர்ல ஒருத்தரும் கேக்கல. என் வீட்டுல மூணு வண்டி நிக்குது. நிறுத்த எடமில்ல. பெரிய மாப்பிள்ள வந்தாருன்னா தெருவுல நிறுத்திட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறாரு. அதுக்காகத்தான்."

மூன்று வண்டிகளுக்காகவா! எனக்குக் குருதி கொதித்தது. நடுத்தொனி தானாகவே உருண்டது. குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டேன்.

"திட்டுங்கய்யா, நல்லாத் திட்டுங்க," என்று விம்மினார். "நான் சின்ன வயசுல அங்க உக்காந்துதான் படிச்சேன். படிச்ச எடத்துலயே... ச்சே."

இனிப் பொறுக்க இயலாது என்று நீரை உமிழ்ந்தேன். தாழ்ப்பாளில் கைவைத்தேன். 'நூல்களின்மீது சக்கரம் ஏற்றத் துணிந்தவரே!' என்னும் முதல் வரி நாநுனியில் வந்து நின்றது. அப்போது கதவிடுக்கில் மகளின் கிசுகிசுப்பு: "அப்பா, தயவு செஞ்சு வாயத் தொறக்காதீங்க. அவரு அழுறாரு. பேனா எடுக்குறாரு."

மைத்துனா, சிறை சென்றிருக்கிறேன். கல்லெறி பட்டிருக்கிறேன். மின்வெட்டில் ஒலிபெருக்கி இன்றி ஆயிரம் பேருக்குப் பேசியிருக்கிறேன். ஆனால் நாற்பத்தோரு பக்கங்களை வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஒரு கதவுக்குப் பின்னால், ஈரக்காலோடு, பேசாமல் நின்ற அந்த மூன்று மணித்துளிகளுக்கு ஈடாக எதுவுமில்லை. கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழைந்தது. படிப்பகத்தை இடிக்கும் முன்மொழிவைத் திரும்பப் பெறுவதாகத் தலைவரின் கையெழுத்து. ஓரம் சற்றே நனைந்துவிட்டது, படிக்க முடிகிறது. போகும்போது அவர் உன் தமக்கையிடம், "இப்படிப் பேசுற மனுஷன நான் பாத்ததே இல்லம்மா," என்று சொன்னாராம். படிப்பகத்தின் பதினோரு பிள்ளைகளும் வந்து தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே கதவைத் திறக்காதே! திறக்கவே திறக்காதே! இணைத்துள்ள உரையை உடனே திருப்பி அனுப்பு. கால் நிழலும் வேண்டாம். தெருவிளக்குகளை எரியவிடாத மின்வாரிய அலுவலரை வியாழனன்று காலை ஏழு மணிக்கு வீட்டிற்கு வரச்சொல்லி உன் தமக்கை ஆள் அனுப்பியிருக்கிறாள். குடிநீர் வாரியத்தார் வெள்ளிக்கிழமை. பள்ளிக் கட்டடப் பொறியாளர் சனிக்கிழமை, இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார். இந்நிலையில் ஞாயிற்றுக்கிழமை உன் தொடரில் கதவு தவறிக்கூடத் திறந்துவிட்டால் எல்லாம் பாழ்! இம்மடலைக் கீழே வை, தச்சரைக் கூப்பிடு, அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் இன்னொரு தாழ்ப்பாளை இப்போதே அடிக்கச் சொல்!